பஞ்சு கிள்ளும் விரல்

பொறாமை என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அந்த வீட்டுப் பெரியவளைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்திவிடலாம். அவள் நகைக்கு ஆசைப்பட்டவள் இல்லை, புடவைக்கு ஏங்கியவளும் இல்லை. ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அப்படி வயிறெரிந்தாள். அதுவும் அவளுக்கே சேரவேண்டிய சொல். அவள் பெற்ற பிள்ளை அவளுடைய ஓரகத்தியை ‘அம்மா’ என்று கூப்பிட்டான். இவளை எப்படிக் கூப்பிட்டான் என்று கேட்டால், கூப்பிடவே இல்லை. எந்தத் தாய்க்குத்தான் பற்றிக்கொண்டு வராது, சொல்லுங்கள்?

அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வீடு, ஒரே அடுப்பு. அண்ணன் வேன் ஓட்டுகிறவன். தம்பி கட்டடங்களுக்கு வர்ணம் பூசுகிறவன். இருவரும் விடிந்ததும் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வீட்டுக்கு வருவார்கள். அண்ணன் மனைவி பெரியவள், விசைத்தறிக் கூடத்தில் வேலை. தம்பி மனைவி சின்னவள், தையல் கடையிலிருந்து சட்டைகளை வாங்கிவந்து வீட்டிலேயே காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பாள். சின்னவளுக்கு ஒரு பெண். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அதன் வாய் ஓயாது. அதனால் வாயாடி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரியவளுக்குப் பல வருஷம் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு ஒரு பையன். அவன் பொடியன். பகலெல்லாம் இரண்டும் சின்னவள் பொறுப்பில்.

தறிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பெரியவளைப் புரிந்துகொள்ள முடியாது. உள்ளே நுழைந்தால் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் அலறினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை. நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்திரிபோல் வெட்டிக் காட்டுவார்கள். தறியை நிறுத்தச் சொன்னால் உள்ளங்கை கீழே அமுங்கும். தொந்தியைத் தடவினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். தேநீருக்குக் கட்டைவிரல் உதட்டுக்குப் போகும். நேற்று வீட்டில் நடந்த சண்டையைக்கூட மூன்றாம் வரிசையில் நிற்பவள் ஆறாம் வரிசையில் நிற்பவளுக்குக் கையாலேயே சொல்லி முடிப்பாள். அவளும் கையாலேயே ‘உன் புருஷனுக்கு இது வேணும்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

ஆளுக்கு ஆள் அங்கே ஒரு கைப்பேர் உண்டு. அடிக்கடி கொண்டையை அவிழ்த்து முடிகிறவளுக்குக் கொண்டைதான் பேர். தறியைப் பழுதுபார்க்க நொண்டி நொண்டி வரும் பிட்டருக்கு முழங்காலைத் தட்டினால் போதும். பெரியவளைக் கூப்பிட வேண்டுமென்றால் மூக்கு நுனியில் விரலை வைப்பார்கள். கோபம் அங்கேதான் குடியிருக்கிறது என்று பொருள். அவளும் அதை மறுத்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்பே போக ஆரம்பித்த வேலை. சேர்ந்த நாள்முதல் வெளியிலும் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் சோறு வேண்டுமா என்பதைப் புருவத்தைத் தூக்கிக் கேட்பாள். போதும் என்றால் உள்ளங்கை அமுங்கும். கல்யாணமான புதிதில் மைத்துனன், “அண்ணி சரியான ஊமைக்கோட்டான்” என்று கேலி செய்தான். அவன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. அதுதான் இன்னொரு சங்கதி. கூடத்திலிருந்து வெளியே வந்தபின்னும் வெகுநேரம் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது எதையாவது கேட்டால் வேறெதற்கோ தலையாட்டுவாள். ஆனால் அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள். “எனக்கென்ன, பாம்புக் காது!” என்பாள். புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்.

சாயங்காலம் வந்ததும் வாசற்படியில் நின்றபடி முதலில் தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி ஊதிவிட்டுத்தான் உள்ளே வருவாள். வந்து உட்கார்ந்தால் பொடியன் மடியில். அவன் தண்ணீருக்குக் கட்டைவிரலைத் தூக்குவதற்குள் தம்ளர் வந்துவிடும். இரண்டு விரலால் வெட்டிக் காட்டினால் ஏதோ பொம்மை உடைந்துவிட்டது என்று புரிந்துகொண்டு ஒட்டவைத்துத் தருவாள். தாயும் பிள்ளையும் ஒரு சத்தமும் இல்லாமல் சாப்பிட்டு, விளையாடி, தூங்கிப்போவார்கள். அப்போதெல்லாம் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. என் பிள்ளைக்கு என் கண்ணசைவே போதும் என்று பெருமைதான்.

குறையைக் காட்டிக் கொடுத்தது வாயாடி. மூன்று வயதிலேயே அது, “பெரியம்மா, நீங்க முந்தாநாள் கட்டின பொடவையத்தான இன்னிக்கும் கட்டியிருக்கீங்க?” என்று கேட்ட குழந்தை. நேற்று, நாளைக்கு, அதுக்கு முன்னாடி, மழை பெஞ்சா போகக்கூடாது, பெய்யலன்னா போகலாம் என்று பெரிய மனுஷிபோல் பேசும். வந்தவர்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, கையோடு பொடியனையும் பார்த்து, “இவன் எப்ப பேசுவான்?” என்பார்கள். பெரியவளுக்கு உள்ளே சுருக்கென்று தைக்கும். மைத்துனன் மகள்தானே, நம் வீட்டுக் குழந்தைதானே என்றெல்லாம் மனசைத் தேற்றிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அது வாயைத் திறந்தாலே இவளுக்குக் காதில் புகை வந்தது. ஒருநாள் அது பாட்டு ஒன்றை முழுசாகச் சொல்லி முடித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். இவள் மட்டும் அடுப்பில் ஏதோ தீய்கிறதென்று எழுந்து போனாள். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

“பகல்ல நல்லாத்தான் பேசறான்க்கா. நீங்க கவலப்படாதீங்க,” என்று சின்னவள் பலமுறை சொன்னாள். பெரியவள் நம்பவில்லை. இரக்கப்பட்டு வாயில் சர்க்கரை தடவுகிறாள் என்று நினைத்தாள். அந்த இரக்கம் இன்னும் எரிந்தது.

இதற்கு நடுவில் பையனுக்கு வேறொரு பழக்கம் வந்து சேர்ந்தது. இருந்தாற்போல் இருந்து காதோரத்து முடியை இரண்டு விரலால் கிள்ளுவான். பிறகு ‘ஃபூ’ என்று ஊதுவான். பேன்தான் என்று முடிவுகட்டி ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் தலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். ஈர்கூட இல்லை. எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், மொட்டை அடித்துப் பார்த்தாள். முடியே இல்லாத தலையிலும் கிள்ளினான், ஊதினான். சரி, பிள்ளைக்குப் புத்தியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கிருந்த டாக்டரம்மா காதைச் சோதித்தார். கட்டை அடுக்கச் சொன்னார், துணிக்கு அடியில் பந்தை ஒளித்துவைத்து எடுக்கச் சொன்னார். பொடியன் எல்லாவற்றையும் சளைக்காமல் செய்தான். பிறகு பெரியவளைப் பார்த்து, “நீங்க ஏதாவது ஒரு வேல சொல்லுங்க,” என்றார். “அந்தப் பந்த எடுத்துக்கிட்டு வா,” என்றாள். சொல்லும்போதே அவள் கை பந்தைச் சுட்டி, சுருட்டி, தன் பக்கம் இழுத்தது. அவன் ஓடிப்போய் எடுத்துவந்தான்.

“இப்ப கையக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க.”

கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். பொடியன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டியிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு, அவை அவிழட்டும் என்று காத்திருந்தான்.

டாக்டரம்மா சிரித்தார். “இவனுக்குப் புரியற சக்தி வயசுக்கு மேலயே இருக்கும்மா. பயப்படாதீங்க. புரியறது முன்னாடி ஓடும், பேச்சு பின்னாடி வரும். இந்த வயசுல ஒரு விஷயம் பிடிபட்டுச்சுன்னா, அத எதிர்ல இருக்கறவங்களுக்கு எதுல சொன்னா போய்ச் சேரும்னு பிள்ளைங்களே கண்டுபிடிச்சுக்கும். உங்களுக்குக் கையில சொல்றான். நீங்க கையோட வாயாலயும் நெறைய பேசுங்க. அப்புறம், உங்க காதையும் ஒருதரம் பாத்துட்டா நல்லது.”

காது என்றதும் பெரியவளுக்குச் சுர்ரென்றது. பிள்ளைக்குப் பார்க்க வந்தால் எனக்குப் பார்க்கச் சொல்கிறாளே! விடுவிடென்று எழுந்து வந்துவிட்டாள். டாக்டரம்மா சொன்னதில் வீடுவரை அவளோடு வந்தது ஒன்றே ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் காரணம் இந்தக் கை.

அதற்குப் பிறகு ஒருநாள் தறிக்கூடத்தில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. வரும் வரும் என்று சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மதியம் எல்லாரும் கலைந்தார்கள். தறி ஓடாத நாளாதலால் பெரியவளின் காது அன்று தெளிவாக இருந்தது. வீட்டுச் சந்துக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகச் சின்னவள் குரல் கேட்டது. சின்னவள் என்றைக்கும்போல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணும் கையும் சட்டையில். பிள்ளைகளுக்கென்று மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான். ‘இப்ப நாலு ஓட்ட பட்டன் தைக்கறேன். இதுக்கு முன்னாடி என்ன தச்சேன்? ரெண்டு ஓட்ட.’ இப்படியே நாள் முழுக்க ஓடும். அவளிடம் கையைக் காட்டி என்ன பிரயோஜனம், நிமிர்ந்தால்தானே?

“அம்மா, ரெண்டு ஓட்ட பட்டன் எனக்கு. பெரிசு அவளுக்கு,” என்றது ஒரு குரல்.

வாயாடியின் குரல் இல்லை அது. பெரியவள் அந்தக் குரலை அதுவரை கேட்டதே இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, தன் புருஷன் குரலை அப்படியே சின்னதாக்கியதுபோல் இருந்தது.

“எனக்குப் பெரிசு வேணாம்மா. உருண்டு போயிடும்,” என்றது மறுபடியும்.

பேசுகிறான். முழுசாகப் பேசுகிறான். சந்தோஷத்தில் ஓடிப்போய் அள்ளியிருக்க வேண்டும் இல்லையா? அவளுக்குச் சந்தோஷம் வரவே இல்லை. ‘அம்மா’ என்ற ஒரு சொல் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்கியது. பத்து மாசம் சுமந்தவள் நான். பால் கட்டிக் காய்ச்சல் வந்து செத்துப் பிழைத்தவள் நான். சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே அம்மா ஆகிவிட்டாளே இவள்! கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“யாருக்கு யாருடி அம்மா?”

சின்னவள் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டாள். “ஐயோ அக்கா! இவ கூப்புடறதப் பாத்து அவனும் கூப்புடறான். சித்தின்னு சொல்லுடான்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு.”

“எத்தன நாளா நடக்குது இந்தக் கூத்து?”

“நான்தான் அன்னிக்கே சொன்னேனேக்கா, நல்லாப் பேசறான்னு…”

“சொன்ன, சொன்ன! என் புள்ளைய உன் புள்ளையாக்கிக்கிட்டேன்னு சொன்னியா?”

பொடியன் சத்தத்தில் மிரண்டு தாயைப் பார்த்தான். காதோரம் கிள்ளினான். ஊதினான். அவள் அந்தக் கையில் பளீரென்று ஒன்று வைத்தாள். “கைய எடு! பேச வாய் இருக்கில்ல? அவகிட்ட மட்டும் பேச்சு வருதில்ல?”

மறுநாளே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மாடியறையில் பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு வாரம் கீழே இறங்கவே விடவில்லை. சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, தூங்கவைக்கும்போது, எந்நேரமும் ஒரே பாடம். “சொல்லு. அம்மா. வாயத் தொற. அம்…மா.” அவன் கட்டைவிரலைத் தூக்கினால் மடக்கிவிட்டாள். இரண்டு விரலால் வெட்டினால் தட்டிவிட்டாள். காதோரத்துக்குக் கை போனால் அடி நிச்சயம். கீழேயிருந்து வாயாடி, “பெரியம்மா, அவன விடுங்க, வெளயாடணும்,” என்று கூவியபோதெல்லாம் ஜன்னலைச் சாத்தினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. கையையும் தூக்கவில்லை. வாரக் கடைசியில் சுவரோரம் உட்கார்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தான்.

பார்த்தாயா, எப்படி மந்திரம் போட்டுவைத்திருக்கிறாள் என்று பெரியவளுக்கு அப்போதும் சின்னவள் மேல்தான் ஆத்திரம்.

லீவு நீளாது. வேறு வழியில்லாமல் பிள்ளையைச் சின்னவளிடமே விட்டுவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். பேச்சுவார்த்தை கிடையாது. பிள்ளையைத் திண்ணையில் உட்காரவைப்பாள், போவாள். சாயங்காலம் வந்து தூக்கிக்கொள்வாள். இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. அடுத்த நாள் காலையில் அவள் செருப்பை மாட்டும்போது சின்னவள் வழியை மறித்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“என்னத் திட்டுங்க, அடிங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. அவன் ஏன் இப்பல்லாம் ஜன்னல்கிட்டயே போக மாட்டேங்கறான்?”

“எந்த ஜன்னல்?”

“வெயில் இறங்கினதும் ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிப்பான்ல? எங்களப் பாத்து இப்படி இப்படிப் பண்ணுவான்.” சின்னவள் தன் காதோரத்து முடியை இரண்டு விரலால் கிள்ளினாள். ஊதினாள். “எப்ப வரும், எப்ப வரும்னு. இன்னும் வரலன்னா உதட்டப் பிதுக்குவான். சந்து முனைல உங்க தல தெரிஞ்சா வேகவேகமா ஊதுவான். இவளும் கூடவே நின்னு ஊதுவா.”

பெரியவள் புரியாமல் பார்த்தாள்.

“அக்கா, அது நீங்க,” என்றாள் சின்னவள். “வாசப்படில நின்னு பஞ்சு எடுப்பீங்கள்ல. அதான் உங்களுக்கு அவன் வச்ச பேரு. வீட்ல நாங்க எல்லாருமே உங்கள அப்படித்தான சொல்றோம்? என் வீட்டுக்காரர்கூட ராத்திரி வந்ததும், ‘அண்ணி தூங்கியாச்சா’ன்னு கேக்கறதுக்கு இப்படித்தான் ஊதறார். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

கூடத்தில் நொண்டி பிட்டருக்கு முழங்கால், கொண்டைக்காரிக்குக் கொண்டை, தனக்கு மூக்கு நுனி. இத்தனை வருஷம் கைப்பேர்களோடு குடித்தனம் நடத்தியவள்! வீட்டில் இருந்த தன் பேர் அவளுக்குத் தெரியவில்லை. பேன் என்று தேடினாள். மொட்டை அடித்தாள். அடித்து அடித்து அவன் ஊதுவதையே நிறுத்தியும் விட்டாள். அவள் தவிர வீட்டுக்கே தெரிந்திருந்தது. அந்த நிலையிலும் பாருங்கள், ‘மைத்துனன்வரைக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாதா’ என்று ஒரு பொறாமை எட்டிப் பார்க்கத்தான் செய்தது.

“எங்கிட்ட மட்டும் ஏன் வாயால கூப்புடல?” என்று கேட்டாள் பெரியவள்.

சின்னவள் தயங்கினாள். “கூப்ட்டான்க்கா. மொத மொதல்ல அம்மான்னு சொன்னதே உங்களத்தான். நீங்க உள்ள வந்ததும் அம்மா, அம்மான்னு பின்னாடியே வருவான். வந்த கையோட உங்களுக்கு ஒண்ணும் காதுல விழாது. நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருப்பீங்க. கொஞ்ச நாள் கத்திப் பாத்தான். அப்புறம் விட்டுட்டு, முன்னாடி வந்து நின்னு கையக் காட்ட ஆரம்பிச்சான். நீங்க உடனே திரும்பிப் பாத்தீங்க. அதுலேர்ந்து நீங்க வீட்ல இருந்தா, லீவு நாள்லகூட, கைதான்.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. உங்களுக்கென்ன, பாம்புக் காதாச்சே.”

சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் பெரியவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு மட்டும் பொறாம இருக்காதா?” என்றாள் சின்னவள், பக்கத்தில் உட்கார்ந்து. “நாள் பூரா நான் வாய் வலிக்கப் பேசறேன். என் பொண்ணுகிட்ட இருந்து எடுத்த பேர எனக்கு வச்சான். உங்களுக்குன்னா அவனே ஒண்ணு செஞ்சு வச்சிருக்கான். அத ஒரு நாளாவது என்னப் பாத்துச் செய்ய மாட்டானான்னு இருக்கும். செஞ்சதே இல்லக்கா.”

அன்றைக்குத் தறிக்கூடத்தில் அவளுடைய நூல் நாலு தரம் அறுந்தது. எதிர்வரிசையிலிருந்து மூக்கு நுனியில் விரல் வைத்து வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் சந்துக்குள் திரும்பியபோது ஜன்னலில் யாரும் இல்லை. கதவு திறந்திருந்தது. பொடியன் வாசலுக்கு நேராக நின்றிருந்தான், கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். அவளைப் பார்த்ததும் முகம் ஒருமுறை மலர்ந்து, பிறகு பயந்து, வாய் திறந்தது. உதடுகள் ஒட்டின, பிரிந்தன.

‘அம்மா’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே சின்னவள் ஊசியைப் போட்டுவிட்டு வாயில் கைவைத்துக்கொண்டதையும், வாயாடி கைதட்டிக் குதித்ததையும் பார்த்தால் சந்தேகமே இல்லை. எந்தச் சொல்லுக்காக வயிறெரிந்து, வீட்டை இரண்டாக்கி, பெற்ற பிள்ளையை அடித்தாளோ, அந்தச் சொல் வந்துவிட்டது. அவள் காதுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

படியிலேயே மண்டி போட்டாள். அவன் உயரத்துக்கு வந்தாள். கையை மெல்லத் தூக்கியபோது அவன் அடிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டான். அவள் தன் காதோரத்தில் ஒட்டியிருந்த பஞ்சை இரண்டு விரலால் கிள்ளி, அவன் கண்ணைத் திறக்கும்வரை காத்திருந்து, ஊதினாள்.

பஞ்சு இருவருக்கும் நடுவில் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கியது. பொடியன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. பாதியில் நின்றது. அவன் அவள் முகத்தை இன்னொருமுறை சோதித்துப் பார்த்தான். பிறகு, முடி இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த அந்தத் தலையில், காதோரத்தில் எதையோ கிள்ளி எடுத்து அவளைப் பார்த்து ஊதினான்.

அது அவளுக்கு நன்றாகக் கேட்டது.